கழுவாத குப்பி

தார்த்துவில் நவம்பர்.
மூன்றரை மணிக்கே வெளிச்சம் கடையைக் கட்டிவிடுகிறது.
எமாயோகி ஆற்றின் மேல் பனி இன்னும் இறுகவில்லை,
வெறும் பாலாடை.
இந்த ஊரில்தான்
சூரிய மின்கலம் செய்கிறாள் லேலோ தாம்சாலு.
"முதலில் சூரியனைப் பார்த்திருக்கிறாயா?"
தபால்காரரின் பழைய வேடிக்கை அது.
அவளிடம் சொந்தமாக ஒன்று இருக்கிறது.
செனான் விளக்கு.
சுவிட்சைத் தட்டினால் நண்பகல்.

நைட்ரஜன் நிரம்பிய கண்ணாடிப் பெட்டிக்குள்
எல்லாமே கறுப்புக் கையுறை வழியாகத்தான்.
மூக்கு அரித்தால் அரித்துக்கொண்டே இருக்கும்.
நக அகலத் தகட்டில்
மஞ்சள் கரைசல் ஒரு சொட்டு,
நிமிடத்துக்கு ஆறாயிரம் சுற்று,
இருபதாவது நொடியில் வேறொரு திரவம், ஒரே வீச்சில்.
இருபத்திரண்டு என்றால் தாமதம்.
பிறகு சூட்டுத் தட்டு.
மஞ்சள் பழுப்பாகி, பழுப்பு கறுக்கும் அந்தக் கணத்தில்
எத்தனை முறை பார்த்திருந்தாலும்
அவள் மூச்சு ஒரு நொடி நிற்கும்.

பெரோவ்ஸ்கைட்:
ஈயமும் அயோடினும் சேர்ந்து கட்டிய அடுக்குமாடி.
குடியிருப்பவர்கள்தான் சரியில்லை.
எங்கோ ஓர் அறை காலி என்று தெரிந்தால் போதும்,
மூட்டை முடிச்சோடு கிளம்பிவிடும் அயோடின் அயனிகள்.
அதனால்தான் வோல்ட்டை ஏற்றும்போது ஒரு கோடு,
இறக்கும்போது வேறொரு கோடு.
ஒரே கேள்விக்கு
இரண்டு வாக்குமூலம் தரும் சாட்சி.

முப்பத்தோராம் தொகுதி பிறழவில்லை.
ஏறிய வழியிலேயே இறங்கியது.
இருபது புள்ளி நான்கு சதவீதம்.
லேலோ கருவியைத்தான் சந்தேகித்தாள்.
விளக்கை மாற்றினாள். கம்பியை மாற்றினாள்.
அதே எண்.

முப்பத்திரண்டில் அது இல்லை.
முப்பத்து மூன்றில் இல்லை. நாற்பதிலும்.
அதே தூள், அதே தராசு, அதே கை.
பதினாறு நாள்.
"அதிர்ஷ்டத்தை
கட்டுரையில் எந்தப் பத்தியில் எழுதுவது?"
யாரையும் கேட்கவில்லை, கேட்டாள்.

காய்ச்சல் விடுப்பு முடிந்து வந்த தாய்வோ
பெட்டிக்குள் எட்டிப் பார்த்து,
"என் குப்பியை யார் எடுத்தது?
பொட்டாசியம் அயோடைடு நிறுத்தேன்,
தலை சுற்றியது, கழுவாமலே போய்விட்டேன்" என்றான்.

பெருங்காயம் இருந்த பாண்டம்.
அடியில் ஒட்டிய வெள்ளைத் துகள் சில.
லேலோ நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

அப்புறம் தெரிந்தே செய்தாள்:
நூற்றுக்கு ஒன்று, மூன்று, ஐந்து.
பொட்டாசியம்
படிகங்களுக்கு நடுவே சந்து சந்தாகப் போய் நின்று
ஓடப் பார்த்த அயோடினின் சட்டையைப் பிடித்துக்கொண்டது.
ஆசை யாரை விட்டது, பத்துக்குப் போனாள்.
மிஞ்சிய உப்பு மேற்பரப்பில் தனிக்குடித்தனம் வைத்தது;
மின்னோட்டம் சரிந்தது.
ருபீடியத்துக்கு வேறு குணம்,
மாங்கனீசுக்கு வேறு பிடிவாதம்.

தமிழில் இதற்கு மாசூட்டல் என்று பெயர்.
மாசை, ஊட்டுவது.
சோற்றை ஊட்டுவது போல, கொஞ்சம் கொஞ்சமாக,
வாய் கொள்ளும் அளவு.
சுத்தம் சுத்தம் என்று கை தேய்ந்த அவளிடம்
இந்தச் சொல்லை யாராவது சொல்லியிருக்கலாம்.

"செய்முறையில் கழுவாத குப்பி என்று எழுது" என்றான் தாய்வோ.
எழுதினாள். அழித்தாள்.
நன்றியுரையில்
அவனுடைய காய்ச்சலுக்கு ஒரு வரி சேர்த்தாள்;
அதையும் அழிக்கச் சொல்லி வந்தது மின்னஞ்சல்.

டிசம்பர் இருபத்தொன்று.
எதிர்க் கூரைக்கு மேல்
இருபதே நிமிடம் தலைகாட்டியது நிஜச் சூரியன்.
ஜன்னல் மேடையில் ஒரு கலத்தை வைத்தாள்.
மீட்டரில் எண்கள் தயங்கி, ஏறின.
சிரிக்கப் போனவள் குனிந்து பார்த்தாள்:
இடது மூலை
மெல்ல மஞ்சளாகத் தொடங்கியிருந்தது.

தேதியை எழுதினாள்.
கையுறைக்குள் கையை நுழைத்தாள்.